அக்காவின் காரில் ஹீட்டர்

அந்தக் காரின் டேஷ்போர்டில் வட்டமான ஒரு குமிழ் உண்டு. அதைச் சுற்றி அரைநிலா வடிவில் ஒரு வண்ணப் பட்டை: இடது பாதி நீலம், வலது பாதி சிவப்பு. நீலத்துக்குத் திருகினால் குளிர்காற்று, சிவப்புக்குத் திருகினால் சூடான காற்று. நான் முதன்முதலில் அதில் ஏறி உட்கார்ந்தபோது நீலப் பாதி விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகியிருந்தது. சிவப்புப் பாதியோ தொட ஆளில்லாமல், ஷோரூமை விட்டு இறங்கிய அன்றைய பளபளப்போடு அப்படியே இருந்தது. அபுதாபியில் யாருடைய பழைய காரைத் திறந்து பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும். வெளியே ஊரே கொதித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே ஹீட்டர் போட்டுக்கொள்கிறவரை வீட்டார் முதலில் மிரட்டுவார்கள், பிறகு டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். நான் அந்தக் காரில், ஆகஸ்ட் மாதத்தில், ஹீட்டரை முழுக்கத் திறந்துவைத்துப் பயணம் செய்திருக்கிறேன். வாழ்க்கையில் நான் செய்த வீரச் செயல்களைச் சொல்லச் சொன்னால் அந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன். அதிலும் நான் பின் சீட்டில்தான் இருந்தேன்.

ஓட்டியவர் அக்கா. எங்கள் அலுவலகத்தில் அக்கா என்பது உறவுமுறையைவிடப் பதவி என்றே சொல்ல வேண்டும். விசிட்டிங் கார்டில் டாக்குமெண்ட் கண்ட்ரோலர் என்றிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். கம்பெனியில் மேனேஜர்கள் வருவார்கள், போவார்கள். எந்த வரைபடம் எந்த அலமாரியில் தூங்குகிறது என்று அக்காவுக்கு மட்டுமே தெரியும் என்பதால் அவரைப் போகச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. நான் குவாண்டிட்டி சர்வேயர். ஒரு கட்டடத்துக்கு எத்தனை கல் வேண்டும் என்று துல்லியமாகச் சொல்வேன். ஒரு கல்லையும் தூக்கியதில்லை. காரைப் பற்றியும் அதே அளவு அறிவு. டிரைவிங் டெஸ்டில் நான் தோற்ற கதைகளை அலுவலகக் கேண்டீனில் டீ ஆறும்வரை சொல்லலாம். அதனால் தினமும் அக்காவின் காரில், முன் சீட்டில், முசஃபாவில் இருந்த எங்கள் அலுவலகத்துக்குப் போய்வந்தேன். ஓசிப் பயணம் என்று சொல்லாமல் இருக்க, வண்டியின் தொழில்நுட்ப ஆலோசகராக என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

அலுவலக நாட்களில் அந்த முன் சீட்டு எனக்கு. வெள்ளிக்கிழமைகளில் அது ஒரு தங்கச்சிக்கு. அப்போதெல்லாம் இங்கே வாரவிடுமுறை வெள்ளிதான். தங்கச்சி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். பனியாஸில் ஓர் அரபு வீட்டில் தங்கி வேலை செய்தாள். வீட்டு மேடம் கெட்டவர் அல்ல, ஆனால் அவருக்கு உலகத்தில் யாரையும் நம்பிப் பழக்கமில்லை. எப்படியோ அக்காவை மட்டும் நம்பினார். இன்னும் சரியாகச் சொன்னால் அக்காவின் காரை நம்பினார். வெள்ளை நிறம், முன் பம்பரில் ஒரு கீறல், பின் கண்ணாடியில் யாரோ முன்னாள் சொந்தக்காரர் ஒட்டிய பருந்துப் படம். இந்தக் காரில் போகலாம், இந்தக் காரில், சூரியன் மறைந்ததும் சொல்லும் மஃக்ரிப் பாங்குக்கு முன், திரும்ப வேண்டும். வேறு காரில் அனுப்ப மாட்டேன், ஒரு தடவை தாமதமானால் ஹலாஸ், கதை முடிந்தது, அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கிடையாது. இதுதான் ஒப்பந்தம். எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால்கூட இவ்வளவு கறாராக இருந்திருக்காது.

அந்த வெள்ளிக்கிழமை மதியங்களில் தங்கச்சி பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அக்காவின் ஃபிளாட்டுக்கு வந்து தலைக்குக் குளிப்பாள். தனக்குப் பிடித்த உறைப்பில் ஒரு கறி வைப்பாள். ஊரிலிருக்கும் மகளோடு கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவாள். பிறகு தரையில் மல்லாந்து படுத்து, யாரும் கூப்பிடாத ஒரு தூக்கம் போடுவாள். "அந்த வீட்ல என்னைய எப்பயும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க சார். இங்கதான் என் பேரு கொஞ்ச நேரம் சும்மா கெடக்குது," என்று ஒருமுறை சொன்னாள். நானும் வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கறிக்காகத் தவறாமல் ஆஜராவேன் என்பதால் எனக்கு இதெல்லாம் தெரியும்.

கதை ஈரத்தில் தொடங்கியது. ஒரு நாள் அலுவலக வாசலில் இறங்கும்போது என் சாக்ஸ் நனைந்திருந்தது. முன் சீட்டின் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஊறிக் கிடந்தது. நான் ஆலோசகன் அல்லவா, உடனே தீர்ப்புச் சொன்னேன்: ஏசித் தண்ணீர். இந்த ஊரில் இதைச் சொல்ல ஆலோசகர் தேவையில்லை. கோடையில் எந்தப் பார்க்கிங்குக்குப் போனாலும் ஒவ்வொரு காருக்கடியிலும் ஒரு குட்டிக் குளம் இருக்கும். ஏசி சொட்டிய தண்ணீர். அது வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே கார்ப்பெட்டில் இறங்கும். வாட்ச்மேனும் அதையே சொன்னார். அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்த மலையாளி நண்பரும் அதையே சொன்னார். எங்கள் புதிய அட்மின் மேனேஜர் ஒருபடி மேலே போய், "இதை இன்னும் வெச்சிருக்கீங்களா? ஸ்க்ராப்புக்குத் தள்ளிட்டு கம்பெனி பஸ்ல வாங்க," என்றார். அக்கா அவரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்கட பஸ் பனியாஸுக்குப் போகுமோ?" என்றார். அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

குழாயைக் குத்தி அடைப்பெடுத்தோம். ஈரம் போகவில்லை. அத்தோடு இன்னொன்றும் வந்தது. முன் கண்ணாடியில் உட்புறமாக ஒரு பிசுபிசுப்பு. துடைத்தால் துணி வழுக்கியது. காருக்குள் மிக லேசாக, வெல்லப்பாகு காய்ச்சுவதுபோல ஓர் இனிப்பு வாடை. நான் அது தங்கச்சி கொண்டுவந்த ஏதோ பலகாரம் என்றேன். அக்கா என் கருத்தைக் கேட்டுக்கொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அவர் ஏசியைப் போடாமல் வண்டியை எடுத்தார். ஏசியில் கோளாறா என்று கேட்டேன். "ஒண்டுமில்லை. ஏசித் தண்ணி எண்டு சொன்னீர் எல்லே? ஏசி இல்லாமல் தண்ணி வருதோ பாப்பம்." அது ஜூலை மாதம். கடற்காற்றின் ஈரப்பதம் ஆளைத் துணிபோல் பிழிந்துவிடும் காலம். அந்த வாரம் முழுவதும் அப்படியே ஓட்டினார். நான் அலுவலகத்தில் இறங்கும்போது நீந்திக் கரையேறியவனைப்போல் இருப்பேன். சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர்கள் எங்களைக் கருணையோடு பார்த்தார்கள். அக்கா மட்டும் சேலைத் தலைப்பால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். வார முடிவில் குனிந்து கார்ப்பெட்டை அமுக்கிப் பார்த்தார். தண்ணீர் பொங்கி வந்தது. "தம்பி," என்றார், "உம்மட ஏசித் தண்ணி செத்துப்போச்சு. இது வேற தண்ணி."

பிறகு பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் கூலண்ட் நிற்கும் டப்பா விளிம்புவரை நிரம்பியிருந்தது. நான் மகிழ்ச்சியோடு, பாருங்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். அக்கா அசையாமல் அந்த டப்பாவையே பார்த்தார். "இது பச்சை நிறமாய் இருந்ததெல்லே?" என்றார். இப்போது அதில் இருந்தது பச்சைத் தண்ணீர். அதாவது நிறமே இல்லாத, குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீர். எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுக்கும் திரவம் எப்போதோ ஒழுகிப் போயிருந்தது; அந்த இடத்தில் யாரோ தண்ணீரை நிரப்பியிருந்தார்கள்.

அந்த யாரோ, பார்க்கிங்கில் கார் கழுவும் பங்களாதேஷ் பாய். உள்ளே துடைப்பதற்காக அவ்வப்போது சாவி அவரிடம் போகும். டப்பா குறைந்திருப்பதைப் பார்த்து, கேட்காமலே, வாளியிலிருந்து ஊற்றிவைத்திருக்கிறார். ஒரு நாளா இரண்டு நாளா, வருடக்கணக்காக. அக்கா விசாரித்தபோது, தினமும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன அவர் முகமெல்லாம் சிரிப்பு. "ஹா தீதி, டெய்லி தேக்தா ஹை. நோ பிராப்ளம்!" அவருடைய அன்பினால் சூடு காட்டும் முள் ஏறவேயில்லை. முள் ஏறாததால் ஒழுகுவது யாருக்கும் தெரியவில்லை. பச்சை நிறம் கரைந்து போனதால் ஒழுகிய தண்ணீரும் ஏசித் தண்ணீரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன. இந்த நாட்டில் மட்டுமே ஒரு கார் இப்படி இவ்வளவு சௌக்கியமாக நோய்வாய்ப்பட முடியும். அக்கா அவரைத் திட்டவில்லை. "நல்ல மனுசன். இனி ஊத்தாதையும்," என்று தமிழில் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்குப் புரிந்தது.

முசஃபாவில் கராஜ்கள் ஒரு ஊர் அளவுக்கு இருக்கின்றன. அக்கா போனது ராமநாதபுரத்துக்காரர் ஒருவரின் கராஜுக்கு. அந்த மெக்கானிக்குக்குத் தன்னடக்கம் என்ற பழக்கமே கிடையாது. வண்டி கேட்டுக்குள் நுழையும் சத்தத்திலேயே நோயைச் சொல்லிவிடுவதாகச் சொல்வார். பெரும்பாலும் தப்பாகச் சொல்வார். பிறகு வண்டியைப் பார்த்துச் சரியாகச் சொல்வார். அன்றும் "ஏசித் தண்ணிக்கா" என்றுதான் தொடங்கினார். அக்கா தன் ஒரு வார ஆராய்ச்சியை எடுத்துச் சொன்னதும் ஒரு கை பம்பைக் கொண்டுவந்து ரேடியேட்டர் வாயில் மாட்டிக் காற்றடித்தார். பம்பிலிருந்த அழுத்தமுள் கொஞ்சம் நின்று மெல்ல இறங்கியது. எஞ்சின் பக்கம் எங்கும் ஈரமில்லை. முன் சீட்டின் அடியில் மட்டும் சொட்டுச் சத்தம் கேட்டது.

"ஹீட்டர்தான்," என்றார். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டருக்கென்று ஒரு குட்டி ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினின் சூடான தண்ணீர் அதற்குள் ஓடும். அதன் வழியாக வரும் காற்றுதான் ஹீட்டர் காற்று. குழாய்த் தண்ணீரின் உப்பு அரித்து அது ஓட்டையாகிவிட்டது. கண்ணாடியின் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் அதில் மிச்சமிருந்த கூலண்டின் வேலை. எனக்குச் சட்டென்று நிம்மதி வந்தது. மெக்கானிக்குக்கும் வந்தது. "பத்து நிமிஷ வேலைக்கா. அதுக்குப் போற பைப்பு ரெண்டையும் இந்தப் பக்கமே ஒண்ணா முடிஞ்சு விட்டுர்றேன். தண்ணி உள்ள போகவே போகாது. ஹலாஸ்! இந்த ஊர்ல எல்லா வண்டிக்கும் நான் அப்படித்தான் பண்ணியிருக்கேன். எவன் ஹீட்டர் போடுறான்?"

"வேண்டாம். ஹீட்டரைத் திருத்தித் தாரும்," என்றார் அக்கா.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். "அக்கா, அதுக்கு டேஷ்போர்டு மொத்தத்தையும் இறக்கணும். பழைய சாமான் கெடைக்கணும், நாலஞ்சு நாள் ஆகிப்போகும். எதுக்கு? உங்களுக்குக் குளிரப்போகுதா?"

"நானும் அதைத்தான் சொல்றேன் அக்கா," என்றேன் நான். "வெள்ளிக்கிழமைக்கு வண்டி வேணும். வண்டி இல்லேன்னா அந்தப் பிள்ளைய அந்த அம்மா விடாது. நமக்கு ஹீட்டர் தேவையே இல்ல."

அக்கா அந்தக் கராஜின் கிரீஸ் தரையில், முழங்கையில் ஹேண்ட்பேக் தொங்க, சொன்னதை நான் வார்த்தை மாறாமல் சொல்ல முடியும். "இந்த ஊருக்கு வந்த நாள் துவக்கம் எல்லாரும் இதைத்தானே சொல்றியள். இது இஞ்ச உனக்குத் தேவையில்லை, அது இஞ்ச உனக்குத் தேவையில்லை. எத்தினையைக் கழட்டியாச்சு! பாட்டுச் சொல்லிக் குடுத்தனான், அது தேவையில்லை. வீணையை வித்தாச்சு. தமிழில எழுதினனான், அதுவும் தேவையில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு பின்னேரம் தேவையில்லையாம். இப்ப வந்து நீர் என்ர காரில இருந்தும் ஒண்டைக் கழட்டப் பாக்கிறீர். எனக்கு என்ன தேவை எண்டு நான் சொல்லுறன். நீர் திருத்தும்." கொஞ்சம் நிறுத்தி, "வியாழனுக்கிடையில," என்று சேர்த்துக்கொண்டார்.

மெக்கானிக் கழுத்துத் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க அம்மாவும் இப்படித்தான் பேசும்," என்று முனகினார். ஆனால் மறுத்துச் சொல்லவில்லை.

அந்த வாரம் அக்கா லீவு போட்டார். காலையில் கராஜுக்குப் போய், பெடஸ்டல் ஃபேனுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நான் கம்பெனி பஸ்ஸில் அவமானத்தோடு போய்வந்தேன். மாலையில் கராஜுக்குப் போய்ப் பார்த்தால், அந்தக் காருக்கு முகமே இருக்காது. டேஷ்போர்டு தனியாக ஒரு மேசையில் கிடக்கும். ஸ்டியரிங்கைச் சுற்றி ஒயர்கள் தொங்கும். கழற்றிய குட்டி ரேடியேட்டரைக் காட்டினார்கள். தேநீர்க் கெட்டிலின் அடியில் படிவதுபோல வெள்ளைப் புற்று. மெக்கானிக் ஷார்ஜா ஸ்க்ராப் யார்டுவரை ஆளனுப்பி அதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தார். தண்ணீர் விட்டு எஞ்சினை அலசினார்கள். முதலில் செந்நிறமாக வந்தது, பிறகு தெளிந்தது. பச்சைக் கூலண்டை ஊற்றி, உள்ளே சிக்கிய காற்று வெளியேற வேண்டும் என்று மெக்கானிக் அந்தக் குமிழைச் சிவப்புக்குத் திருகச் சொன்னார். அக்காவே திருகினார். இத்தனை வருடம் திருகாத குமிழ், ஒரு முனகலோடு நகர்ந்தது. அனல் காற்று வந்தது. கராஜிலிருந்த எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அக்கா இரண்டு கைகளையும் அந்தக் காற்றில் காட்டி, மார்கழி மாதத்தில் இருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

வியாழன் மாலை வண்டி கைக்கு வந்தது. கிளம்பும்போது மெக்கானிக் ஒரு எச்சரிக்கை சொன்னார்: "ஒரு ஓட்டைய அடைச்சா அழுத்தம் சரியா நிக்கும். அப்போ அடுத்த சோப்ளாங்கி எங்க இருக்கோ அது வாயத் தொறக்கும். முள்ளப் பாத்து ஓட்டுங்க." இந்த முறை அவர் முதலிலேயே சரியாகச் சொல்லிவிட்டார். அதுதான் எங்கள் துரதிர்ஷ்டம்.

வெள்ளிக்கிழமை எல்லாம் நன்றாகவே நடந்தது. தங்கச்சி வந்தாள், குளித்தாள், கறி வைத்தாள், தூங்கினாள். காய்ந்த கார்ப்பெட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். திரும்பும்போது, வண்டியின் குணமடைந்த நிலையை மேற்பார்வையிடுவதற்காக நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். பனியாஸ் திருப்பம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் முள் ஏறத் தொடங்கியது. பழைய ரேடியேட்டரின் மேல்பக்கம் எங்கோ மயிரிழை விரிசல் விட்டு ஆவி கசிந்துகொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது முள் மட்டும். சூரியன் மணல்மேட்டின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. ஓரங்கட்டி எஞ்சின் ஆறக் காத்திருந்தால் பாங்கு சொல்லிவிடுவார்கள். தங்கச்சி முள்ளைப் பார்க்கவில்லை, சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, முடிஞ்சுதா?" என்றாள், மிகவும் மெதுவாக. அவள் காரைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஆர் சொன்னது?" என்றார் அக்கா. ஏசியை அணைத்தார். நான்கு கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னார். வேகத்தைக் குறைத்து வலது ஓரத் தடத்துக்கு வந்தார். பிறகு கையை நீட்டி, குமிழைச் சிவப்பின் கடைசி வரைக்கும் திருகினார், காற்றையும் முழுதாக வைத்தார். எஞ்சினின் சூட்டை அந்தக் குட்டி ரேடியேட்டர் வாங்கி எங்கள் முகத்தில் கொட்டியது. எஞ்சினுக்குப் பதிலாக நாங்கள் வெந்தோம். என் மூக்குக் கண்ணாடி சுட்டது. சட்டைப் பையில் இருந்த பேனா மை கக்கியது. முன்னால் தங்கச்சி கால்களைச் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, முதலில் அழுவதுபோலத்தான் ஆரம்பித்தாள். பிறகு அது சிரிப்பாகிவிட்டது. "அக்கா, எங்க தோட்டத்து லயத்து வீட்டுல அடுப்புக்குள்ள தலைய விட்டு ஊதுவோமே, அது மாதிரி இருக்குது!" பக்கத்தில் போன டாக்சி டிரைவர் கண்ணாடியை இறக்கி, "பாய், ஏசி கராப்?" என்று, ஏசி கெட்டுவிட்டதா என விசாரித்தார். "நஹி பாய், ஹீட்டர் அச்சா!" என்று நான் கத்தினேன். அவர் கண்ணாடியை உடனே ஏற்றிக்கொண்டார்.

முள் நின்றது. யோசித்தது. ஒரு மயிரளவு இறங்கியது.

மேடம் வீட்டுக் கேட்டருகே நாங்கள் வந்து நின்றபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. தங்கச்சி கதவைத் திறந்து குதித்ததும் பாங்கு எழுந்தது. மேடம் வாசலில் நின்றிருந்தார். வேர்வையில் குளித்திருந்த எங்கள் மூவரையும், ஆவி பறந்துகொண்டிருந்த காரின் முகத்தையும் பார்த்தார். அருகில் வந்து ஜன்னலுக்குள் கையை நீட்டினார். அனல் பட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "ஹீட்டர்?" என்றார். "மஜ்னூன்!" பைத்தியம் என்று அர்த்தம். அக்கா நெற்றி வேர்வையைக்கூடத் துடைக்காமல், அலுவலகத்தில் மேனேஜர்களோடு பேசும் அதே குரலில் சொன்னார்: "ஹீட்டர் ஒர்க்கிங், மேடம். நெக்ஸ்ட் ஃபிரைடே, சேம் டைம்." மேடம் சுட்ட கையை உதறிக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டித் தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்தனுப்பினார். குடிக்கவா ரேடியேட்டருக்கா என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் குடித்தோம், மிச்சத்தை ஊற்றினோம்.

இப்படி ஆகும் என்று தெரிந்தா அக்கா ஹீட்டருக்காக அப்படி மல்லுக்கு நின்றார்? நிச்சயமாக இல்லை. எஞ்சின் சூட்டுக்கு ஹீட்டர் போடும் அந்த உபாயத்தைக் கராஜ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மெக்கானிக் பேச்சுவாக்கில் சொன்னதாகப் பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் அலுவலகத்தில் கதையைச் சொல்லும்போதெல்லாம், எல்லாம் யோசித்தே செய்ததாகத்தான் சொல்வார். நான் ஒருபோதும் திருத்தியதில்லை. பிரயோஜனம் இருக்கும் என்று தெரிந்து பிடிக்கும் பிடிவாதத்துக்கு நாம் திட்டமிடல் என்று பெயர் வைத்திருக்கிறோம். அக்காவின் பிடிவாதம் அந்த வகை இல்லை. ஒன்றுக்கும் உதவாமலே போயிருந்தாலும் அந்த ஹீட்டர் அந்தக் காரில் இருந்திருக்கும்.

அக்கா இப்போது கனடாவில் தன் உடன்பிறந்த தங்கையோடு இருக்கிறார். வீணை ஒன்று வாங்கியிருக்கிறார்; போனில் வாசித்தும் காட்டுகிறார். சுருதி சேராதபோது போனைக் குறை சொல்கிறார். "இஞ்ச எல்லாருக்கும் ஹீட்டர் இருக்கு தம்பி," என்றார் போன வாரம். "ஒருத்தருக்கும் அதின்ர அருமை தெரியேல்லை." எனக்கு ஒருவழியாக லைசென்ஸ் கிடைத்துவிட்டது. காரும் என்னிடம்தான். மேடத்துக்கு வயதாகிவிட்டது, விடுமுறை ஞாயிற்றுக்கு மாறிவிட்டது, தங்கச்சியின் மகள் கல்லூரிக்குப் போகிறாள். மேடம் இன்னமும் அந்தக் காரைத்தான் நம்புகிறார். என்னை நம்பவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் என் முகத்தைத் தாண்டி, பின் கண்ணாடியின் பருந்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே கேட்டைத் திறக்கிறார். கறி வைப்பது இப்போது எங்கள் வீட்டில்.

சென்ற மாதம் வருடாந்திரப் பாஸிங்குக்கு, அதாவது வாகனத் தகுதிச் சோதனைக்கு, முன் வேறொரு கராஜில் காட்டினேன். இளைஞன், சுத்தமான யூனிஃபார்ம், கையில் டேப்லெட். "சார், இது ஓல்டு மாடல். ஹீட்டர் லைனை பைபாஸ் பண்ணிடலாம். தேவையில்லாம ஒரு லீக் பாயிண்ட். வண்டியையே மாத்துறது இன்னும் பெட்டர்." வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். சொல்லத் தொடங்கினால் ஹட்டன்வரை போக வேண்டியிருக்கும் என்பதால், எனக்கு அடிக்கடி குளிரும் என்றேன். வெளியே நிழலிலேயே தார் இளகிக்கொண்டிருந்தது. அவன் டேப்லெட்டில் எதையோ தட்டிவிட்டு, என்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டான்.

ஞாயிறன்று பனியாஸிலிருந்து கிளம்பியதும், அக்கா வைத்த சட்டப்படி, கொஞ்ச தூரம் ஹீட்டரைப் போட்டு ஓட்ட வேண்டும். ஓடாமல் கிடந்தால் அது அடைத்துக்கொள்ளுமாம். தங்கச்சி முறைப்படி திட்டிக்கொண்டே கண்ணாடியை இறக்குகிறாள். என்னை முந்திக்கொண்டு குமிழைத் திருகுவதும் அவள்தான். இந்த ஞாயிறு சிக்னலில் நின்றபோது கவனித்தேன். சிவப்புப் பாதியும் ஓரத்தில் தேயத் தொடங்கியிருக்கிறது.